ஞாயிறு ஓய்ந்த இயந்திரம்

எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. சனி பின்னேரமே மீனவர் சங்கக் கந்தோரின் மெயின் சுவிட்சையும் நிறுத்திவிடுவார்கள். மின்விசிறி, விளக்கு, கணினி எல்லாவற்றுக்கும் ஓய்வு.

அந்தக் கணினியை அமைத்தவள் நான். காற்று எச்சரிக்கை வந்தால் கரைக் கம்பத்து ஒலிபெருக்கி தானாகப் பேசவேண்டும். இணையத்தைத் தொடுவதும் ஒலிபெருக்கியை ஆள்வதும் ஒன்றாக இருக்கக்கூடாது என்று, ஒரே பெட்டிக்குள் இரண்டு கணினிகள் வைத்தேன். வெளியே நிஜமானது, உள்ளே மென்பொருளால் ஆன மெய்நிகர் கணினி. உள்ளே இருப்பது வானிலை அறிவித்தலை வாசிக்கும். வெளியே இருப்பது அதைச் சத்தமாகச் சொல்லும். இரண்டுக்கும் நடுவே வலையமைப்பு கிடையாது. செய்தி போக ஒரு சொக்கெட் மட்டும். சமையலறையிலிருந்து விறாந்தைக்குக் கோப்பையை நீட்டும் சின்ன யன்னல் மாதிரி. அந்த யன்னலில் முகவரி என்பது ஓர் எண்தான்; வெளிக் கணினியின் எண் எப்போதும் இரண்டு. உள்ளதற்கு நான் மூன்று கொடுத்திருந்தேன்.

முன்பெல்லாம் சனியன்று உள் கணினியை முழுதாக நிறுத்தி, திங்களன்று முதலிலிருந்து தொடங்குவேன். அந்த வாரம் நேரத்தை மிச்சம் பிடிக்க, ஓடிக்கொண்டிருந்த நிலையிலேயே சேமித்துவைத்தேன். திங்கள் காலை விட்ட இடத்திலிருந்து எழுந்தது. எனக்குப் பெருமைதான்.

மதியம் கழிய, படகுகள் இறங்கும் நேரத்தில், சங்கச் செயலாளர் அக்கா உள்ளே வந்தார்.

"பிள்ளை, ஸ்பீக்கர் இண்டைக்கு வாயே திறக்கேல்லை. அப்ப காத்து இல்லைதானே?"

"பொறுங்கோ அக்கா, பாத்திட்டுச் சொல்லுறன்."

என் திங்கள் பட்டியலில் நாலாவது வேலை, உள் கணினியின் பதிவைப் பார்ப்பது. மூன்றாவதை முடித்ததோடு தேநீர் குடிக்கப் போயிருந்தேன். திறந்தால், பதினொரு மணிக்கே கடும் காற்று எச்சரிக்கை வந்திருந்தது. அதன் கீழே ஒரே வரி திரும்பத் திரும்ப: அனுப்ப முடியவில்லை.

புரிந்துவிட்டது. சேமித்து எழுப்பியதில் பழைய தொடர்பு அறுந்துபோயிருக்கிறது. என் நிரலோ புதிதாக இணையாமல், அறுந்ததிலேயே மூன்று மணித்தியாலமாக அனுப்பப் பார்த்திருக்கிறது.

"அக்கா, அப்பா எங்கை?"

அவர் யன்னலால் எட்டிப் பார்த்தார். "கொப்பர்தான் முதல் ஆள். நண்டு வலையோட ஊண்டிக்கொண்டு போறார்."

"மைக்கைத் தாங்கோ!"

"அது கோயில் திருநாளுக்குப் போனதடி. இன்னும் திரும்பி வரேல்லை."

அக்கா கரைக்கு ஓடினார். கரையில் நின்றவர்களை அவர் மறித்துவிடுவார். அப்பாவின் படகு கூப்பிடு தூரத்தைத் தாண்டியிருந்தது. எங்கள் கடல் வெகுதூரம்வரை ஆழம் குறைவானது. ஆழம் வரும்வரை கம்பால் ஊன்றித்தான் போவார்கள். எஞ்சினை இறக்கிவிட்டால் ஒலிபெருக்கியும் கேட்காது.

நிரலை நிறுத்தினேன். மறுபடி தொடங்கினேன். எண் இரண்டு, தொடர்பு கிடைத்தது. கம்பத்தில் ஒரு கரகரப்பு, பிறகு நான் முன்பு பதிந்துவைத்த என் குரலே வந்தது: "கடும் காற்று எச்சரிக்கை. கடலுக்குப் போகவேண்டாம்."

யன்னலில் நின்று பார்த்தேன். அப்பாவின் கம்பு தண்ணீரில் குத்தியபடி நின்றது. தலை திரும்பியது. இரண்டாம் முறை சொன்னதும் படகும் திரும்பியது. கதிரையில் விழுந்தேன்.

அப்பா நனைந்த சாரத்தோடு வாசலில் நின்றார்.

"என்ன பிள்ளை, உன்ர மிசின் ஞாயிறு பூசை கண்டிட்டுத் திங்களும் படுத்திட்டுதோ?"

"பிழை என்ரதான் அப்பா."

"சரி விடு. கரையில நிண்டுதானே கதைக்கிறம்."

மூன்று மணிக்குக் காற்று வந்து மணலை யன்னலில் அடித்தது. அப்பா உள்ளே இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அன்றே நிரலைத் திருத்தினேன்: தொடர்பு அறுந்தால் புதிதாக இணை. கூடவே, எச்சரிக்கை இல்லாத நாளிலும் மதியம் ஒருமுறை "இன்று எச்சரிக்கை இல்லை" என்று சொல்லவேண்டும். இனி மௌனத்தை யாரும் நல்ல செய்தி என்று எண்ணமாட்டார்கள்.

அடுத்த திங்கள் அப்பா முழங்கால் தண்ணீரில் படகைப் பிடித்தபடி கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் குரல் சொல்லி முடித்த பிறகுதான் ஏறினார்.