எலும்பைத் திருகிப் பார்க்கும் மாமா

என் அக்காவைக் கட்டியவர் பேச்சில் கஞ்சன். எதைக் கேட்டாலும் இரண்டு சொல்லில் முடித்துவிடுவார். நானோ கறிக்கடைக்காரன், கத்தி நின்றாலும் வாய் நிற்காது. அதிலும் ஒன்று ஏன் அப்படி என்று தெரியாவிட்டால் எனக்குத் தலையே வெடித்துவிடும்.

மாமா முப்பது வருடம் ஒரு சலவை ஆலையில் கொதிகலனுக்கு நெருப்புப் போட்டவர். ஓய்வு பெற்ற பிறகு ஆறு மாதம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒருநாள் எங்கிருந்தோ ஓர் இரும்பு டிரம்மை உருட்டி வந்து, கொல்லையில் கிடத்தி, நீளவாக்கில் வெட்டி மூடிக்குக் கீல் வைத்தார். அன்றிலிருந்து பதினோரு வருடமாகச் சனிக்கிழமைதோறும் அதில் பன்றிக்கறி புகையில் வேகும். விடியலில் மூட்டினால் பிற்பகலில்தான் இறங்கும். தெருவே வந்து வாங்கிப் போகும். மனுஷன் முகத்தில் களை வந்தது அதற்குப் பிறகுதான்.

எனக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று. தோள்கறியை எலும்போடு கொடுத்தால்தான் வாங்குவார். அகப்பை மாதிரி இருக்கும் அந்தத் தோள்பட்டை எலும்பைச் சதை கிழியாமல் உருவுவதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. எலும்பு இருந்த இடத்திலும் உப்பும் மிளகும் தடவலாம், நூலால் இறுக்கிக் கட்டினால் சீராக வேகும், ஒன்றிரண்டு மணி நேரம் முன்னாலேயே இறக்கலாம். இதையெல்லாம் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். "எலும்பு இருக்கட்டும்" என்பார், அவ்வளவுதான்.

போன மாதம் டிரம்மைத் திறக்கப்போனவர் கைப்பிடியை விட்டுவிட்டுச் சுடும் இரும்பைப் பிடித்துவிட்டார். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. "இன்னொரு தடவை இப்படி ஏதாவது ஆச்சு, டிரம்மைத் தூக்கிப் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடுவேன்" என்றாள் அக்கா. அக்கா சொன்னால் சொன்னதுதான். மறுபடியும் அந்தச் சுவர் என் கண்முன் வந்து நின்றது.

அடுத்த சனிக்கிழமை ஒரே பன்றியின் இரண்டு தோள்களையும் கொண்டுபோனேன். ஒன்று எலும்போடு, இன்னொன்று உருவிக் கட்டியது.

"இன்னைக்குத் தெரிஞ்சிடும் மாமா, எது உசத்தின்னு."

"வை" என்றார்.

மத்தியானம் தாண்டியதும் இரண்டும் வெளியே கறுத்து மினுங்கின. மாமா கையுறையை மாட்டிக்கொண்டு, நீட்டிக்கொண்டிருந்த எலும்பின் முனையைப் பிடித்து மெல்லத் திருகினார். "எலும்பு இன்னும் விடல. வேகல."

"இதுக்குத்தான் எலும்பா?"

"கொதிகலன்ல மீட்டர் சிக்கிக்கும். வால்வைத் திருகிப் பாத்தா அது பொய் சொல்லாது. கைதான் கணக்கு."

பதினோரு வருடக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. ஆனால் நான் உருவிக் கட்டிய தோளில் திருக எலும்பு இல்லையே. கறிக்குள் குத்திச் சூடு பார்க்க அக்கா வாங்கித் தந்த தெர்மாமீட்டர், ஒட்டிய விலைச்சீட்டுகூடக் கிழியாமல் ஆணியில் தொங்கியது. அதை எடுத்துக் குத்தினேன்.

"எவ்வளவு காட்டுது?" என்று குனிந்தார் மாமா.

முள் எழுபத்துநாலில் நின்றது. கறி நார்நாராய்ப் பிரிய வேண்டுமென்றால் தொண்ணூறு தாண்ட வேண்டும். அது அவருக்கும் தெரியும். சீண்டிப் பார்க்கலாமே என்று "தொண்ணூத்தஞ்சு" என்றேன். பார்த்துவிட்டு இரண்டு திட்டுத் திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ தலையாட்டியபடி அந்தக் கறியை இறக்கிப் பலகையில் வைத்தார்.

முள்ளுக்கும் அவர் முகத்துக்கும் ஒரு சாண்கூட இல்லை.

"மாமா, கண்ணு தெரியலையா?"

"ஒரு வருஷமா எல்லாம் மூட்டமாத் தெரியுது. டிரம்மோட புகைன்னுதான் மொதல்ல நெனச்சேன்." பிறகு குரலை இறக்கி, "அக்காகிட்ட சொல்லாத மாப்ள. டிரம் போயிடும்" என்றார்.

என் கேலியை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. கறியைத் திரும்ப உள்ளே வைக்கலாம் என்று கை நீட்டுவதற்குள் அக்கா கத்தியோடு வந்துவிட்டாள். ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டாள். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள்.

"ரப்பர் மாதிரி இருக்கு. யாரு சூடு பாத்தது?"

மாமா என்னைப் பார்க்கவில்லை.

"நான்தான்க்கா. தப்பாப் படிச்சுட்டேன்."

"இந்த வயசுலயே கண்ணு போச்சா? விரலை வெட்டிக்கப்போற. புதன்கிழமை மரியாதையா கண்ணு டாக்டர்கிட்ட போற."

"சரிக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல?

கறி மறுபடி டிரம்முக்குப் போனது. இரண்டு மணி நேரத்தில் மாமா எலும்பைத் திருகினார். பூட்டில் சாவி திரும்புகிற மாதிரி திரும்பி, ஒரு பொட்டுச் சதை ஒட்டாமல் வெள்ளையாக உருவிக்கொண்டு வந்தது. அக்கா தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். அவர் எலும்பைத் தட்டில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"புதன்கிழமை நானும் போறேன்" என்றார். "அவன் கண்ணு நல்லாத்தான் இருக்கு. என்னோடதுதான் சரியில்ல."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். ஆறியும் ஆறாமலும் இருந்த உள்ளங்கையைப் பார்த்தாள். டிரம்மைப் பார்த்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"கண்ணு சரியாகுற வரைக்கும்" என்றாள், "மூடியை இவன் தொறக்கட்டும்."