பெரியப்பா காரின் இரண்டு ஸ்பீக்கர்கள்

என் பெரியப்பா முப்பத்தொரு வருடமாக மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அரைக்கிறார். முன்னறையில் வாடிக்கையாளர்கள் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஜன்னல் இல்லாத அறையில் ஈரக் கையோடு உட்கார்ந்திருப்பார். வலது கண்ணுக்கு ஒன்று, இடது கண்ணுக்கு ஒன்று. இரண்டும் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல ஒன்றையொன்று பார்த்தபடி அமைய வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. செருப்பு, கோப்பையின் பிடி, தலையணை உறையின் பித்தான் எல்லாவற்றையும் எதிரெதிராகத்தான் வைப்பார். பெரியம்மா அவருக்கு "ஜோடிக்காரர்" என்று பெயர் வைத்திருந்தார்.

அவரிடம் ஒரு கார் உண்டு. நான் பிறப்பதற்கு இருபது வருடம் முந்தையது. இலைப் பச்சை நிறம், உருண்டை விளக்கு, முன்பக்கம் பெஞ்சு மாதிரி ஒரே சீட். கடை முதலாளி ஓட்டி அலுத்துப்போய் மூலையில் நிறுத்தியிருந்ததைக் கேட்டு வாங்கி, ஆறு வருடத்தில் தானே ஓட வைத்தார். டாஷ்போர்டில் இரண்டு திருகு வைத்த ரேடியோ இருந்தது. அதில் எதைத் திருகினாலும் எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம்தான் வரும். அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை, என் அப்பா புதுக் கார் வாங்கும்வரை.

அப்பா லிப்ட் மெக்கானிக். பெரியம்மாவும் என் அம்மாவும் அக்கா தங்கை என்பதால் இவர்கள் இரண்டு பேரும் சகலைகள். ஞாயிறுதோறும் இரண்டு குடும்பமும் இரண்டு காரில் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து மாமா வீட்டுக்குப் போவது வழக்கம். பாட்டு ஓடாமல் பெரியம்மா வெங்காயம்கூட நறுக்க மாட்டார். புதுக் கார் வந்த முதல் ஞாயிறே எங்கள் காரில் ஏறிவிட்டார்.

"நான் பாட்டு கேட்டுக்கிட்டே வரேங்க. நீங்க முன்னால போங்க."

"எட்டு ஸ்பீக்கர் அண்ணே," என்றார் அப்பா. "வெளிய இடி இடிச்சாக்கூடத் தெரியாது."

"எட்டுப் பேர் சேர்ந்து கத்துனா இடி எங்க தெரியப்போகுது சகல," என்றார் பெரியப்பா.

ஆனால் அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. அவர் கார் முன்னால் போகும், நாங்கள் பின்னால். தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் அவருக்குப் பெரியம்மா தெரிந்துகொண்டே இருப்பார். என் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, வாயசைத்துப் பாடிக்கொண்டு, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு. பெரியப்பா எத்தனை முறை அந்தக் கண்ணாடியைத் திருத்துகிறார் என்று நான் எண்ணியிருக்கிறேன். பக்கத்து சீட்டில் அவருடைய சாப்பாட்டுப் பை மட்டும் உட்கார்ந்திருக்கும்.

நான்காவது ஞாயிறு முடிந்து அவர் பெரியம்மாவிடம் சொன்னார்: "என் கார்லயும் பாட்டு வைக்கப் போறேன்."

"வைங்க. வீட்டுச் செலவுல கை வைக்காம வைங்க."

கையில் இருந்தது கூடுதல் நேரம் அரைத்து வந்த காசு மட்டும். கார் ஸ்பீக்கர் விற்கும் கடையில் போய் விலை கேட்டுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினார். பிறகு கார் உடைக்கும் இடத்தில், நசுங்கிப்போன ஒரு வண்டியின் கதவுகளிலிருந்து இரண்டு ஸ்பீக்கர்களைக் கழற்றி வாங்கினார். சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு ஆம்ப்ளிஃபயர். அது சீட்டுக்கு அடியில் போனது. பாட்டு போனிலிருந்து வரும். டாஷ்போர்டில் ஒரு துளைகூடப் போட மாட்டேன் என்று பிடிவாதம். கதவின் உட்பக்கப் பலகைகளையும் வெட்டவில்லை. அதே அளவில் ஒட்டுப்பலகையில் புதிதாக அறுத்து, அசல் பலகைகளைப் போர்வையில் சுற்றிப் பரணில் வைத்தார். கூரை ஒழுகலுக்கு வாங்கி மிஞ்சியிருந்த தார்த் தகட்டைக் கதவுக்குள் ஒட்டினார். தட்டினால் தகரம்போல் ஒலித்த கதவு, பூசணிக்காயைத் தட்டியதுபோல் ஒலித்தது.

வேலை முடிந்த ஞாயிறு எல்லோரும் காரைச் சுற்றி நின்றோம். பெரியம்மா முன்சீட்டில் உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. சத்தம் இருந்தது, தெளிவும் இருந்தது. இருந்தும் ஏதோ சரியில்லை. மிருதங்கத்தில் கனமே இல்லை. குரல் நடுவில் நிற்காமல் எங்கோ கரைந்து போனது.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் பெரியம்மா. "ஆனா பாடுறவ கார்ல ஏறவே இல்லையே. தெருமுனையில நின்னு பாடுற மாதிரில்ல இருக்கு."

பெரியப்பா சத்தத்தைக் கூட்டினார். பாடுகிறவர் இன்னும் தள்ளிப் போனார்.

அப்பா ஜன்னலில் தலையை நுழைத்துக் கேட்டார். இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை. லிப்டில் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டால் அவர் புருவம் ஒருமாதிரி இறங்கும். அப்போதும் இறங்கியது.

"அருமை அண்ணே. பழைய வண்டிக்கு இதுவே ஜாஸ்தி."

பெரியம்மா இறங்கி எங்கள் காருக்கு வந்தார். சாப்பாட்டுப் பை பழைய இடத்துக்குப் போனது.

வழியில் சிக்னலில் நின்றபோது வழக்கம்போல இரண்டு பேர் பச்சைக் காரைப் போட்டோ எடுத்தார்கள். ஒருவர் குனிந்து பெரியப்பாவிடம் கை குலுக்கினார். எங்கள் காரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா தேவையில்லாமல் ஹாரன் அடித்தார். கோளாறு என்னவென்று அவருக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை என்பது எனக்கு அந்த ஹாரனில் புரிந்தது.

லிப்டுக்குள் அறிவிப்பு சொல்லும் ஸ்பீக்கர்களை அப்பா பேட்டரியால் தொட்டுச் சோதிப்பதை நான் பார்த்திருக்கிறேன். வியாழக்கிழமை எங்கள் ஹால் கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். ஆம்ப்ளிஃபயரிலிருந்து இரண்டு ஸ்பீக்கர்களின் இரட்டை ஒயர்களையும் பிடுங்கி, ஒவ்வொரு ஜோடியிலும் கோடு போட்ட ஒயரைப் பேட்டரியின் தலையிலும் மற்றதை அடியிலும் தொட்டேன். வலது கதவு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு டப் என்று வெளியே வந்தது. இடது கதவில் உள்ளே போனது.

"ரெண்டும் ஒண்ணா வெளிய வரணும் பெரியப்பா. இப்ப ஒண்ணு தள்ளுது, ஒண்ணு இழுக்குது."

"ஜோடியாத்தானே மாட்டுனேன்," என்றார். "எந்த முனைன்னு காட்டுற சிவப்புப் பொட்டு ரெண்டுலயும் அழிஞ்சுபோச்சு. அதான் ரெண்டு பக்கமும் கோடு போட்ட ஒயர எஞ்சின் பக்கமா இருந்த முனையிலயே குடுத்தேன்."

சொன்னதும் நிறுத்திக்கொண்டார். இடது கையையும் வலது கையையும் எதிரெதிராகத் தூக்கிப் பார்த்தார். இடது கையைத் திருப்பினார். லென்ஸ் என்றால் அது சரி. ஸ்பீக்கர் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை; எதிரெதிர்க் கதவில் மாட்டினால் எஞ்சின் பக்கம் வரும் முனை மாறிவிடும்.

இடது கதவின் ஒயர்களை அவரே மாற்றிப் போட்டார். பாட்டை வைத்ததும் மிருதங்கம் சீட்டுக்கு அடியிலிருந்து எழுந்து வந்தது. குரல் நேராக டாஷ்போர்டின் நடுவில் வந்து நின்றது. ஒரு பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் சத்தத்தைக் குறைத்தார்.

"இது உங்கப்பாவுக்கு அன்னிக்கே தெரியுமா?"

நான் திருப்புளியைப் பெட்டிக்குள் வைத்தேன்.

"ஓகோ," என்றார் பெரியப்பா. முகம் மெல்ல மலர்ந்தது. பாட்டு சரியானபோதுகூட அப்படி மலரவில்லை. "அவனுக்கும் எரியுதா. எத பாத்து எரியுதாம், என் ஓட்ட வண்டியவா?"

அடுத்த ஞாயிறு பெரியம்மா பச்சைக் காரில் உட்கார்ந்து அரைப் பாட்டு கேட்டார். பிறகு கைப்பையை மடியில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். "கெளம்புங்க," என்றார், பெரியப்பாவிடம். சாப்பாட்டுப் பை பின்சீட்டுக்குப் போனது.

அன்று அப்பா பாட்டே வைக்கவில்லை. ரயில்வே கேட்டில் இரண்டு காரும் நின்றன. முன்னாலிருந்து பாட்டு கேட்டது, கூடவே பெரியம்மாவின் குரலும். அம்மா ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தார்.

"அக்கா தனியாப் பாடிக்கிட்டு வருது, பாவம்," என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடி, பச்சைக் காரின் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

எங்கள் காரில் அப்பாவும் நானும் எட்டு ஸ்பீக்கரும் மிஞ்சினோம். முன்காரில் பெரியப்பா சின்னக் கண்ணாடியைத் திருத்துவது தெரிந்தது. இந்த முறை அவர் பார்த்தது என் அப்பாவை.

அப்பா ஸ்டீயரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஹால் கடிகாரம் வியாழக்கிழமை நாலே காலோட நின்னு கெடக்கு," என்றார். "பேட்டரிய எங்க வச்ச?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கேட் இன்னும் திறக்கவில்லை.