தம்பிக்கும் இல்லை என்றவர்

தெக்கா சந்தையில் மீன்காரர் வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. திரையில் தேவகியின் பெயர். பேசக்கூட முடியாமல் மருத்துவமனையில் கிடந்தவர் அழைக்கிறாரே என்று ஒரு கணம் மகிழ்ந்துபோனேன். பேசியது அவர் வீட்டுப் பணிப்பெண் யாத்தி.

"சார், மேடம் போயிட்டாங்க," என்றார், அந்த வீட்டில் கற்றுக்கொண்ட தமிழில். "அம்மாகிட்ட சொன்னேன். அம்மா டிவி நிறுத்தல."

அம்மா என்றது தேவகியின் தாயாரை. அந்த இரண்டு செய்திகளில் எது என்னை அதிகம் தாக்கியது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலர் தேவகியிடம் காற்று டேங்க் கட்டிக் கடலில் முக்குளிக்கக் கற்றவர்கள். அதைவிடப் பலர் கற்க வந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அவரிடம் திட்டு வாங்காதவர் இரண்டு கூட்டத்திலும் இல்லை. அவர் அன்பே உருவானவர் என்று நான் எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். ஜாலான் புசாரில், ஆணியும் திருகாணியும் விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்த பயிற்சி நிலையத்தில் அவரோடு பல ஆண்டுகள் நானும் பயிற்றுவிப்பாளராக இருந்தேன். அவர் ஒருவரையும் தட்டிக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

வங்கியில் வேலை செய்த ஒரு பெண் நீச்சல் குளத்து ஓரத்தில் உட்கார்ந்து அழுதது நினைவிருக்கிறது. தண்ணீருக்கு அடியில் மாஸ்க்கைக் கழற்றி, மூக்கில் நீர் ஏறினாலும் பதறாமல், வாயில் கவ்விய காற்றுக் குழாய் வழியே மூச்சு விடவேண்டும். அவரால் முடியவில்லை. தேவகி பக்கத்தில் போய் நின்றார். "அழுங்க. அழுது முடிச்சுட்டு இறங்குங்க. மாஸ்க்குக்குள்ள அழுதா, தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு எனக்குத் தெரியாது."

அந்தப் பெண் மறுவாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். பிறகு தியோமான் தீவில், ஆழத்தில், வேறொருவர் கால் பட்டு அவருடைய மாஸ்க் நிஜமாகவே கழன்று போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு விட்டபடி, தேவகி வந்து கையைப் பிடிக்கும்வரை இருந்த இடத்திலேயே இருந்தார். படகில் ஏறியதும் பாராட்டுக்காகத் தேவகியின் முகத்தைப் பார்த்தார். "மாஸ்க்கைத் தேடிக் கையை வீசினீங்க. அது தப்பு," என்றார் தேவகி. அவ்வளவுதான்.

மாஸ்க் பயிற்சியில் அவர் ஏன் அத்தனை கறாராக இருந்தார் என்பது முக்குளிக்காதவர்களுக்குப் புரியாது. ஆழத்தில் பயந்துபோய், மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால், உள்ளே இருக்கும் காற்று ஏற ஏற விரியும். நுரையீரல் கிழியும். அதற்குப் பெரிய ஆழம்கூட வேண்டாம்.

தேவகியின் தம்பி சுந்தர் அப்படிப் பாய்பவன். வீடு விற்கும் முகவர். நுழைந்த இடமெல்லாம் கலகலப்பாகும். பள்ளிக் காலத்திலேயே நீச்சலில் கோப்பைகள் வாங்கியவன். எனக்கும் தம்பி மாதிரிதான். அக்காவிடமே கற்கிறேன் என்று வந்து சேர்ந்தான். எல்லாம் சுலபமாக வந்தது அவனுக்கு, அந்த ஒன்றைத் தவிர. மாஸ்க்கில் தண்ணீர் புகுந்த நொடியில் காலை உதைத்து மேலே வந்துவிடுவான். வந்து சிரிப்பான். மறுபடி முயல்வான், மறுபடி மேலே வருவான். நானும் கீழே அவன் பக்கத்தில் இருந்து பலமுறை பார்த்தேன்.

கடைசி வகுப்பு முடிந்து எல்லாரும் குளத்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது தேவகி முடிவைச் சொன்னார்.

"சுந்தர், நீ பாஸ் இல்ல."

"அக்கா, நான் ஸ்கூல் சேம்பியன் லா."

"நீந்தச் சொல்லி யாரு கேட்டா? மூக்குல தண்ணி போனா ஓடாம இருக்கியான்னுதான் கேட்டேன். இருக்கல. நீ கடலுக்கு வந்தா செத்துடுவே."

மற்றவர்கள் தண்ணீரைப் பார்த்தார்கள். சுந்தர் அப்போதும் சிரித்தான். ஆனால் துண்டை எடுத்துக்கொண்டு ஒருவரிடமும் சொல்லாமல் போய்விட்டான். அன்று மாலை தாயார் பயிற்சி நிலையத்துக்கே தொலைபேசியில் அழைத்தார். மகனுக்குத் தேர்ச்சி கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினார், பிறகு ஏசினார். தேவகி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முடியாதும்மா," என்று வைத்துவிட்டார்.

சில வாரங்கள் கழித்து, வெளிநாட்டுத் தீவு ஒன்றில் வேறு யாரிடமோ அவசரப் பயிற்சி எடுத்து, தேர்ச்சி அட்டையும் வாங்கி, அதைப் பிடித்தபடி எடுத்த படத்தைச் சுந்தர் குடும்பத்தாருக்கு அனுப்பினான். தேவகி அவனை அழைத்தார். "சரி, அட்டை வாங்கிட்டே. என்கூட ஒரு தடவை வா. மாஸ்க்கை மட்டும் மறுபடி பாப்போம்," என்று அவர் கேட்டபோது நான் எதிரில் இருந்தேன். அவன் வரவில்லை.

அவன் இறந்த செய்தி வந்தபோது நாங்கள் குளத்தில் இருந்தோம். நண்பர்களோடு விடுமுறையில் போன இடத்தில், அதிக ஆழமில்லாத தண்ணீரில், மாஸ்க்கில் நீர் புகுந்து மேலே பாய்ந்திருக்கிறான். கைப்பேசியை நான்தான் தேவகியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கேட்டார். திருப்பிக் கொடுத்தார். மாணவர்கள் அடுத்த பயிற்சிக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். "எல்லாரும் மேல வாங்க. இன்னிக்கு நான் உங்களைப் பாத்துக்கிற நிலைமையில இல்ல," என்றார். ஒவ்வொருவரும் படியேறும்வரை நின்று எண்ணிப் பார்த்தார். பிறகுதான் குளத்து ஓரத்தில் உட்கார்ந்தார்.

துக்க வீட்டில், பாசிர் ரிஸ் அடுக்குமாடியின் திறந்த கீழ்த்தளத்தில், வந்திருந்த அத்தனை பேர் முன்னிலையிலும் தாயார் கேட்டார்: "ஊரான் பிள்ளைக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தியே, கூடப் பிறந்தவனுக்குச் சொல்லிக்கொடுக்க உனக்கு வலிச்சுதா? நீ பாஸ் போட்டிருந்தா அவன் உன்கூடத்தானே போயிருப்பான்?"

தேவகியிடம் அவர் நேராகப் பேசிய கடைசி வார்த்தைகள் அவை. அதன்பிறகும் இருவரும் ஒரே வீட்டில்தான் வாழ்ந்தார்கள். தேவகி சமைப்பார், தாயார் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுவார். உப்புக் குறைந்தால் யாத்தியிடம் சொல்வார். மருந்து தீர்ந்தாலும் யாத்தியிடம்தான். மகள் அதே மேசையில் எதிரே உட்கார்ந்திருப்பார். வேறு வீடு பார்த்துப் போகச் சொன்னேன். "அவங்களுக்கு யாரு இருக்கா?" என்றார் தேவகி.

புலாவ் ஹந்து தீவிலிருந்து படகில் திரும்பும்போது ஒருநாள் அவராகவே பேச்சை எடுத்தார். "அம்மா கேட்டது சரிதான் ராஜன். பாஸ் போட்டிருந்தா என்கூட வந்திருப்பான். காலைப் பிடிச்சுக் கீழயே நிறுத்தியிருப்பேன்."

"அப்படின்னா போட்டிருக்கணும்னு நெனைக்கிறீங்களா?"

"இல்ல. நாளைக்கே வந்து நின்னாலும் ஃபெயில்தான். ஆனா அத்தனை பேர் முன்னால சொல்லியிருக்க வேணாம். அவன் அக்காகிட்ட திரும்பி வர வழியில்லாமப் பண்ணிட்டேன்."

அதன்பிறகு அவர் யாருக்கும் முடிவைப் பொதுவில் சொன்னதில்லை. தேர்ச்சி பெறாதவரைத் தனியாகக் காப்பிக்கடைக்கு அழைத்துப்போய், தே தாரிக் வாங்கிக் கொடுத்துச் சொல்வார். சொற்கள் மட்டும் மாறவில்லை. நீங்கள் செத்துப்போவீர்கள் என்பதை எதிரில் உட்கார்ந்து சொல்வார். அவர்கள் கோபித்துத் தீரும்வரை எழுந்திருக்க மாட்டார்.

வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தபோது எங்களிடம் அதை வானிலை சொல்வதுபோல் சொன்னார். "டாக்டர் நல்லவரு. சுத்தி வளைக்கல." டேங்க்கைத் தூக்க முடியாமல் போன அன்றே வகுப்புகளை என்னிடம் ஒப்படைத்தார். கடைசி வாரங்களில் வார்டு வாசலில் சக்கர நாற்காலி உருளும் ஒவ்வொரு முறையும் தலையைத் திருப்பினார். தாயார் வரவில்லை.

மண்டாய் தகனச் சாலைக்குத் தாயார் வந்தார். யாத்தி தள்ளிக்கொண்டு வந்தார். பெட்டி உள்ளே போனதும் தாயார், எல்லாருக்கும் கேட்கும்படி, "இப்ப அவன்கிட்டதான் போறா. அங்கேயும் அவனை ஃபெயில் பண்ணுவா," என்றார்.

கூட்டம் கலைந்தபோது என்னைக் கையசைத்து அழைத்தார். குரல் இறங்கியிருந்தது. "நீங்களும் அன்னிக்குத் தண்ணிக்குள்ள இருந்தீங்க. நிஜத்தைச் சொல்லுங்க. என் பிள்ளை பாஸ் ஆகற மாதிரி இல்லையா?"

இரண்டு பிள்ளைகளையும் இழந்த கிழவி. கொஞ்சம் பரவாயில்லாமல் செய்தான் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அது அவருக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கும், தேவகி அவனைக் கொன்றார் என்றும் ஆகியிருக்கும். நான் நாற்காலிப் பக்கம் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி, "இல்லம்மா. பாஸ் ஆகல," என்றேன்.

"அவளும் இதையேதான் சொன்னா," என்றார். யாத்தியிடம் திரும்பி, வீட்டுக்குப் போகலாம் என்றார்.

தேவகியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு 'இல்லை'. அதனால் யாருக்கும் மனம் ஆறியதாக நான் சொல்ல மாட்டேன். வரும் சனிக்கிழமை அவருடைய வகுப்பை முடித்துவைக்கிறேன். சுறுசுறுப்பான ஓர் இளைஞர் இருக்கிறார், எல்லாருக்கும் பிடித்தவர். மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் மேலே வந்துவிடுகிறார். அவரிடம் நான் சொல்லியாக வேண்டும்.