மல்லிகை ஏற்றினால் கத்தும் வேன்

அகரம் கிராமத்துப் பூ மூட்டைகளைத் திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு ஏற்றிப்போகிறவள் பொன்னழகு. புருஷன் வேடசந்தூர் மில்லில் ஷிப்டு பார்க்கிறான். வேனை ஓட்டுவது, கழுவுவது, மக்கர் செய்தால் வைவது எல்லாம் இவள் பாடு.

கொஞ்ச நாளாக அந்த வேன் கத்தியது. விடியற்காலையில் மல்லிகையை ஏற்றிக் கிளப்பினால் போதும், கழுத்தைப் பிடித்த கோழிபோல எஞ்சினிலிருந்து ஒரு கிறீச்சல்.

“ஏத்தா, நீ வார்றது தாடிக்கொம்புக்கே கேக்குது,” என்றார் மொக்கைச்சாமி. ஊரில் அதிகப் பூ அவருடையதுதான். “பெல்ட்டு நடுரோட்டுல அந்துச்சுன்னா பூவை மாட்டுக்குத்தான் போடணும். வெள்ளிக்கெழமைக்குள்ள சத்தம் நிக்கலைன்னா மணிமாறன் வண்டிக்கு மாத்திருவோம்.”

அவர் மாறினால் மற்றவர்களும் மாறிவிடுவார்கள். அப்புறம் வேனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நாகல் நகரில் ஷெட் வைத்திருக்கும் அப்துல் லத்தீப் போன மாதம்தான் புது பெல்ட் மாட்டியிருந்தார். அவரிடமே போனாள். அங்கே வேன் சாதுவாக உறுமியது.

“எங்கம்மா சத்தம்?”

“காலைல கத்துச்சு பாய்.”

“வெக்கப்படுது போல. நாங்க வேணா திரும்பி நின்னுக்கிறோம்.”

ஷெட்டே சிரித்தது. பொன்னழகு சிரிக்கவில்லை. விடுவதாயில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

பாரத்தால் கத்துகிறதோ என்று மத்தியானம் தேங்காய் மூட்டைகளை ஏற்றி ஓட்டிப் பார்த்தாள். சத்தமில்லை. அப்படியானால் பாரமில்லை. தேங்காயில் இல்லாதது பூவில் என்ன இருக்கிறது?

மறுநாள் காலை பூ ஏற்றியதும் வேன் கத்தியது. அணைத்துவிட்டு, முன் சீட்டை லேசாகத் தூக்கிக் கீழே எட்டிப் பார்த்தாள். அந்த வேனுக்கு எஞ்சின் சீட்டுக்கடியில்தான். சீட்டின்மேல் வழக்கம்போல மொக்கைச்சாமியின் மூட்டை. தன் பூ முதலில் இறங்க வேண்டும் என்று அவர் பிடித்து வைத்திருந்த இடம் அது. பூ வாடாமலிருக்கத் தெளித்த தண்ணீர் சாக்கிலிருந்து கசிந்து, சீட்டு இடுக்கு வழியாக நேரே பெல்ட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

மார்க்கெட்டில் பூவை இறக்கிய கையோடு, ஈரச்சாக்கு ஒன்றை முன் சீட்டில் போட்டு ஷெட்டுக்கு விரட்டினாள். வாசலில் வேன் கத்திய கத்தில் லத்தீப்பின் டீ சிந்தியது.

“இப்பக் கேக்குதா பாய்?”

அவர் எஞ்சினை அணைத்து, பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். தொளதொளவென்று உள்ளே போனது.

“தண்ணி பட்டதும் கத்துனா பெல்ட் லூசுன்னு அர்த்தம்மா. புது பெல்ட் கொஞ்சம் ஓடுனதும் தளரும், மறுபடி இழுத்து வைக்கணும். நான் சொல்ல மறந்துட்டேன். வழுக்கி வழுக்கி ஓரமெல்லாம் பளபளன்னு தேஞ்சு போச்சு பாரு.”

“ஈர மூட்டையை எடுத்துட்டாப் போதுமா?”

“மழை பேஞ்சா? பெல்ட்டையும் மாத்தி இழுத்து வைக்கணும், தண்ணியும் அதுல சொட்டக் கூடாது.”

வேறு பெல்ட் மாட்டி, அது சுற்றும் புல்லிச் சக்கரத்தைத் துடைத்து, விறைப்பாக இழுத்து முடுக்கினார். பாதி வேலை முடிந்தது. மீதியைப் பொன்னழகுதான் முடிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை. மொக்கைச்சாமி தன் மூட்டையோடு முன் கதவைத் திறந்தார்.

“அங்க வேணாம் சித்தப்பா.”

“ஏன்? இம்புட்டு நாளா அங்கதான வைக்கிறேன்?”

“அதான் கத்துச்சு. உங்க பூத்தண்ணி பெல்ட்டுல விழுகுது. இனிமே முன் சீட்டு ஆளுக்குத்தான், மூட்டைக்கு இல்ல.”

அவர் முகம் கறுத்தது.

“அப்ப என் பூ கடைசியா எறங்கணுமா?”

“கடைசியா ஏத்துங்க. கதவோரம் இருக்கும், மொதல்ல எறங்கும். பிடிக்கலைன்னா மணிமாறனுக்குப் போனைப் போடுங்க.”

சொல்லிவிட்டுச் சாவியைத் திருகினாள். எஞ்சின் உறுமியது. கிறீச்சல் இல்லை. மொக்கைச்சாமி காதைச் சாய்த்துச் செத்த நேரம் நின்றார்.

“ஏலே, என் மூட்டையைக் கடைசியா ஏத்துங்கடா,” என்றவர், முன் சீட்டில் தானே ஏறி உட்கார்ந்தார். “ஒரு சத்தம் கேட்டுச்சு, அங்கனயே எறங்கிருவேன், ஆமா.”

மார்க்கெட் வரும்வரை அவர் இறங்கவில்லை.