விரதத்தில் நனைந்த ரவிக்கை

குழந்தை வேண்டி ஒருவேளை மட்டும் சாப்பிட்டு விரதமிருந்தேன். வெறும் வயிறு குமட்டும். உழவர்கரையில் எங்கள் தெருமுனை மெடிக்கலில் வாந்தி மாத்திரை வாங்கி தினமும் போட்டுக்கொள்வேன்.

மாதவிலக்கு தள்ளிப்போனது. மாமியார் பூரித்துப்போனார். சோதித்தால் கர்ப்பமில்லை. ஆனால் ஒரு காலையில் கோலம் போடக் குனிந்தபோது ரவிக்கை நனைந்திருந்தது. பால்! கோலமாவை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா, "பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் ஏறிக்கெடக்கு. அது ஏறினா மாதவிலக்கு தள்ளிப்போகும், கருவும் தங்காது. தலைக்குள்ள கட்டி இருந்தாலும் இப்படி ஏறும், ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்" என்றார். "வேற மாத்திரை எதுனா போடுறியாம்மா?" என்று கேட்டதற்கு, "இல்லீங்க" என்றேன். வாந்தி மாத்திரையை நான் மருந்தாகவே நினைத்ததில்லை.

பயத்தில் அங்கேயே குமட்டியது. பையிலிருந்து மாத்திரையை எடுத்தேன். டாக்டரம்மா அட்டையைப் பிடுங்கிப் பார்த்தார்.

"அந்த ஹார்மோனை மூளை அடக்கி வெக்கும். இந்த வாந்தி மாத்திரை அடக்க விடாதும்மா! மொதல்ல இத நிறுத்து."

நிறுத்தினேன். பால் வற்றியது, மாதவிலக்கு திரும்பியது, ஸ்கேனுக்கு அவசியமே வரவில்லை. விரதத்தையும் விட்டேன். இப்போது எந்த டாக்டரிடம் போனாலும் வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளையெல்லாம் மேஜையில் கொட்டிவிட்டுத்தான் உட்காருகிறேன்.

ஆனாலும் கோலம் போடக் குனியும்போதெல்லாம், கை ஒருமுறை ரவிக்கையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறது.