மடிப் புடவையும் வால்வு சீலும்

“…நாள் முழுக்கப் புகைஞ்சாலும் போறதுன்னு விட்டுடுவேன்டீ. இது அப்படியில்லையே! காலம்பற ஒரே ஒரு தடவை, பொக்குன்னு நீலமா ஒரு மூட்டை. அப்புறம் சமர்த்தாப் போயிடறது. சாயங்காலம் நீ திரும்பி வர்றச்சே ஒரு இழை கூடக் கிடையாது. என் மடிப் புடவைக்குன்னே ராத்திரியெல்லாம் சேர்த்து வெச்சுண்டு காத்துண்டிருக்கு. பெட்ரோல் நாத்தமா இருந்தாலும் சரி, இது எண்ணெய் கருகற நாத்தம். தெனம் தளிகை பண்றவளுக்குத் தெரியாதா? சொல்லிட்டேன், திங்கக்கிழமை காலம்பற புகை வந்துதுன்னா இந்த வண்டி என் சந்துல நிக்கப்படாது!”

மொட்டை மாடிச் சுவரில் சாய்ந்துகொண்டு வீட்டுக்கார மாமி இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னார். கீழே சந்தில் நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்றேன். அவர் சொன்ன ஒவ்வொரு எழுத்தும் உண்மை.

ஸ்ரீரங்கத்தில் அந்த வீட்டின் பின்கட்டில் குடியிருக்கிறேன். வீட்டை ஒட்டி ஓடும் சந்தில் என் வண்டி நிற்கும். எண்பதுகளில் வந்த நூறு சிசி நாலு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள். அண்ணன் வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போனது. தில்லை நகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. விடிந்தும் விடியாமலும் வீடு வீடாகப் போய், காபி கூடக் குடிக்காமல் எரிச்சலோடு உட்கார்ந்திருப்பவர்களிடம் ரத்தம் எடுத்து வர வேண்டும். பஸ்ஸை நம்பி அந்த வேலையைப் பார்க்க முடியாது. சந்து போனால் வண்டியை நிறுத்த இடமில்லை. வண்டி போனால் வேலை இல்லை.

மாமி என்னைவிடச் சீக்கிரம் எழுகிறவர். குளித்துவிட்டு, நனைத்துப் பிழிந்த புடவையை மாடிக் கொடியில் உலர்த்திவிடுவார். மறுநாள் அதை வேறு யார் கையும் படாமல் எடுத்து உடுத்திக்கொண்டுதான் பெருமாளுக்குத் தளிகை. சந்தோ, இரண்டு சுவருக்கு நடுவில் ஒரு புகைக்கூண்டு. கீழே நான் கிக்கரை உதைத்தால் புகை மேலே புடவையில் போய் உட்காரும். தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போயும் உதைத்துப் பார்த்தேன். எதிர்வீட்டு மாடியிலும் ஒரு மடிப் புடவை இருந்தது!

அன்றைக்கு வண்டி காவிரிப் பாலத்தின் பாதி வழியில் போய்க்கொண்டிருந்தபோதுதான் எனக்குச் சுருக்கென்று உறைத்தது. ராத்திரியெல்லாம் சேர்த்து வெச்சுண்டு! வண்டியை ஓரம் கட்டினேன். பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர், “என்னம்மா, பஞ்சரா?” என்று கேட்டார். “இல்லண்ணே, கண்டுபிடிச்சுட்டேன்!” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

எஞ்சின் ஹெட்டுக்குள் மேல்பக்கம் எப்போதும் எண்ணெய் இருக்கும். ஹெட்டைத் துளைத்துக்கொண்டு வால்வின் தண்டு மேலும் கீழும் போய் வரும். எண்ணெய் அந்தத் தண்டு வழியாகக் கீழே வழியாமல் ஒரு சின்ன ரப்பர்க் குல்லா பிடித்துக்கொள்கிறது. அதுதான் வால்வு சீல். வயசாகி ரப்பர் இறுகிவிட்டால் பிடி தளர்ந்துபோகும். வண்டி நிற்கும் ராத்திரி பூராவும் எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கசிந்து கீழே தேங்கும். காலையில் முதல் உதையில் அத்தனையும் எரிந்து பொக்கென்று வெளியே வரும். அப்புறம் சமர்த்து. ஆறு மாதமாக மெக்கானிக் சொல்லிவந்த மாதிரி பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் நாள் முழுக்கப் புகைய வேண்டும், மேடு ஏறினால் கூடுதலாகப் புகைய வேண்டும். மாமி அந்த வித்தியாசத்தை மாடியிலிருந்து தினமும் கத்திக்கொண்டிருந்தார். நான்தான் அதைத் திட்டு என்று நினைத்துக் காதை மூடிக்கொண்டிருந்தேன்.

காலை வேலையை முடித்த கையோடு சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்கிடம் போனேன்.

“அக்கா, சிலிண்டர் போர் தேஞ்சு போயிருச்சுக்கா. எஞ்சினை இறக்கிடலாம்னு எத்தனை தடவை சொல்றது?”

“போர் இல்லப்பா, சீல். மாமி சொல்றாங்க, காலைல மட்டும்தான் புகையுதாம்.”

“மாமி சொன்னாங்களா? அப்ப மாமியையே பிரிக்கச் சொல்லுங்க!”

கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் கைநிறைய வேலை வைத்திருந்தார், அடுத்த வாரம்தான் தொட முடியும் என்றார். எனக்கிருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. “ஸ்பிரிங் அமுக்குற கிளாம்பை மட்டும் குடு, நானே பார்த்துக்கறேன்” என்றேன். டேப்பட் அட்ஜஸ்ட் பண்ணுவது, கார்ப்பரேட்டர் கழுவுவது எல்லாம் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தேன், ஹெட்டைக் கழற்றியதில்லை. கிளாம்பைக் கொடுத்துவிட்டு, “வால்வு வளைஞ்சுதுன்னா எங்கிட்ட வந்து அழக் கூடாது” என்றார். வேலைக்கு வாழ்த்து என்று எடுத்துக்கொண்டேன். புது சீல், கேஸ்கெட், வால்வு தேய்க்கும் பேஸ்ட், கோல் எல்லாம் பக்கத்து உதிரிபாகக் கடையில் வாங்கிக்கொண்டேன்.

ஞாயிறு காலை சந்தில் பழைய பாயை விரித்தேன். சைலன்சர், கார்ப்பரேட்டர் எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கின. கேம் செயின் நழுவி உள்ளே விழுந்துவிடாமல் கம்பி போட்டுக் கட்டினேன். நட்டுகளைக் கழற்றி, ஹெட்டை ரப்பர்ச் சுத்தியலால் மெல்லத் தட்டித் தூக்கினேன். வந்துவிட்டது! உள்ளே காற்று நுழையும் பக்கத்து வால்வின் முதுகில் கறுப்பாக, ஈரமாக, பிசுபிசுவென்று எண்ணெய். சந்தில் தனியாக நின்று கைதட்டினேன்.

“என்னடீ கொண்டாட்டம்?” மாடியிலிருந்து.

“மாமி, நீங்க சொன்னது சரி! எண்ணெய்தான்!”

“அதைத்தானே தொண்டை கிழியச் சொல்லிண்டிருக்கேன்!”

சொல்லிக்கொண்டே இறங்கி வந்துவிட்டார். அப்போதுதான் மடி உடுத்தியிருந்தார். அதனால் எதையும் தொட மாட்டார், யாரையும் தொட மாட்டார். நாலடி தள்ளி, சுவரிலும் படாமல், கைகளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நின்றார். வாய்க்கும் கண்ணுக்கும் மட்டும் மடி கிடையாது.

கிளாம்பைத் திருகி ஸ்பிரிங்கை அமுக்கினேன். வால்வுத் தண்டின் தலையைப் பிடித்திருக்கும் லாக், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு பாதித் துண்டுகள். ஒன்றை இடுக்கியால் எடுத்துவிட்டேன். இன்னொன்று டங்கென்று தெறித்து எங்கோ பறந்தது. அது இல்லாமல் வால்வு நிற்காது. ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும்? பாயை உதறினேன், மண்டி போட்டுத் தரையைத் தடவினேன்.

“அங்கே இல்லே. சுவத்துல பட்டுத் திரும்பித்து. நான் பார்த்தேன். தண்ணி போற துவாரத்துக்கிட்ட போ. இன்னும் இந்தப் பக்கம். உன் கால்டீ, காலை எடு! அதோ மினுங்கறது பாரு.”

கிடைத்தது. “மாமி, உங்க கண்ணுக்கு ஒரு கும்பிடு” என்றேன். “கிட்ட வராதே, கையெல்லாம் கரி” என்றார்.

பழைய சீலை இடுக்கியால் இழுத்ததும் வெளியே வந்தது. வெயிலில் காய்ந்த சுண்டைக்காய் வற்றல் மாதிரி, அமுக்கினால் அமுங்கவில்லை. புது சீலை விரலால் அழுத்தினால் குழந்தையின் காது மடல் போல வளைந்தது. வால்வு இடைவெளி இல்லாமல் பொருந்தி உட்கார, அதன் முகத்தில் பேஸ்ட் தடவி, நுனியில் ரப்பர்க் கிண்ணம் வைத்த உறிஞ்சு கோலில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அப்படியும் இப்படியும் உருட்டித் தேய்த்தேன்.

“மோர் கடையற மாதிரியே இருக்கே!”

“ஆமாம் மாமி. ஆனா வெண்ணெய் வராது.”

“நிதானமாக் கடை. அவசரப்பட்டா எதுவும் திரளாது.”

வால்வின் விளிம்பைச் சுற்றி மெல்லிய சாம்பல் நிற வளையம் ஒன்று, எங்கும் அறுபடாமல் விழுந்தது. பெட்ரோல் ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. புது சீலை எண்ணெயில் நனைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். தெரியாத கையில் நரம்பைத் தேடும்போது ஊசி சரியான இடத்தில் இறங்கியது விரலுக்கு ஒரு மாதிரி தெரியும். அதே மாதிரி ‘டொக்’ என்று உட்கார்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

புது கேஸ்கெட் வைத்து, டைமிங் குறிகளை நேர் பார்த்து, எல்லாவற்றையும் பூட்டி முடித்தபோது சாயங்காலம். ஆசை யாரை விட்டது? உதைத்தேன். வண்டி உயிர் பெற்றது. கூடவே, இதுவரை நான் பார்த்தேயிராத அளவுக்கு வெள்ளையும் நீலமுமாகப் புகை.

“இதுக்குத்தான் காலம்பறலேந்து குடைஞ்சியாக்கும்? மூட்டையா வந்துண்டிருந்தது, இப்போ வைக்கோல்போரே எரியறது!”

ஒரு நிமிஷம் அழுகை முட்டியது. அப்புறம் புரிந்தது. பூட்டும்போது பயத்தில் சீலுக்கும் சிலிண்டருக்கும் தாராளமாக எண்ணெய் தடவியிருந்தேன். சைலன்சருக்குள்ளே வேறு ஆறு மாதத்து எண்ணெய்.

“மாமி, இது பழைய பாக்கி! எரிஞ்சு தீரட்டும். உங்க கணக்கு காலைலதானே? காலைல பாருங்க.”

“திங்கக்கிழமைன்னு சொன்னேன். திங்கக்கிழமைதான். நான் பேச்சு மாற மாட்டேன். நீயும் மாறப்படாது.”

திருவானைக்காவல் வரைக்கும் போய்த் திரும்பினேன், மறுபடியும் போய்த் திரும்பினேன். புகை இழையாகி, இழையும் நின்றது. ஆனால் அதற்கெல்லாம் அர்த்தமில்லை. சூடான வண்டி முன்பும் புகைந்ததில்லை. ஒரு ராத்திரி முழுக்கச் சும்மா நின்ற வண்டிதான் உண்மையைச் சொல்லும்.

திங்கட்கிழமை, இருட்டுப் பிரியும் நேரம். சந்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தேன். மாமி மாடியில் தயாராக நின்றார். கொடி வெறுமையாக இருந்தது. பிழிந்த புடவை வாளியில் இருந்தது.

சோக்கை இழுத்தேன். முதல் உதைக்கு வரவில்லை. இரண்டாவது உதைக்குத் தடதடவென்று பிடித்துக்கொண்டது. நான் வண்டியைப் பார்க்கவில்லை, சைலன்சர் முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்த சுண்ணாம்புச் சுவர் சுத்தமாகத் தெரிந்தது. விரிசல் கூடத் தெரிந்தது!

“எங்கேடீ?” என்றார் மாமி.

“என்ன எங்க, மாமி?”

“புகை.”

“இல்ல மாமி!”

“முறுக்கு பார்ப்போம்.”

முறுக்கினேன். சந்து அதிர்ந்தது. சுவர் அப்படியே தெரிந்தது.

“இன்னும்.”

இன்னும் முறுக்கினேன். மாமி சுவருக்கு மேல் பாதி உடம்பை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு, தளிகையில் உப்புப் போட்டாச்சா என்று ஆவியிலேயே கண்டுபிடிக்கிறவர் மாதிரி மூக்கை இழுத்தார். ஒரு தரம். திரும்பவும் ஒரு தரம்.

மாமி கண்ணைத் திறந்தார். குனிந்து, வாளியிலிருந்து ஈரப் புடவையை எடுத்து, என் தலையிலும் பெட்ரோல் டாங்க்கிலும் துளிகள் தெறிக்க ஓங்கி ஓர் உதறு உதறி, ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு நேர் மேலே கொடியில் விரித்தார்.