திருப்பத்தூர் கடையில் அரைத்த மாவு

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை. அக்கறையாகச் சிலர் கடிதம் எழுதி விசாரித்திருந்தீர்கள். உடம்புக்கு என்ன, ஊரில் இல்லையா, பத்திரிகை ஆசிரியரோடு ஏதாவது மனஸ்தாபமா... ஒரு வாசகி, எழுத விஷயம் தீர்ந்துவிட்டதா என்றே கேட்டுவிட்டார்!

விஷயம் தீரவில்லை, அம்மணி. எங்கள் வீட்டுக் கிரைண்டரின் மோட்டார் எரிந்துவிட்டது.

கிரைண்டருக்கும் பத்திக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சொல்கிறேன். மலை மேல் இருக்கும் ஜமுனாமரத்தூரில் எங்கள் வீட்டில் நானும் கணவரும் — இருவருமே பள்ளி ஆசிரியர்கள் — இரண்டு பிள்ளைகள், மாமியார். இது ரேஷன் கார்டில் உள்ள கணக்கு. நிஜக் கணக்கு வேறு. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர், சந்தைக்கு வந்து மழையில் மாட்டிக்கொண்டவர், வேலூர் வெயில் தாங்காமல் 'சும்மா நாலு நாள்' இருந்துவிட்டுப் போக வந்த சித்தப்பா குடும்பம்... எல்லோரும் காலையில் பல் தேய்த்ததும் சமையலறைப் பக்கம்தான் பார்ப்பார்கள். இட்லி வேண்டும். அதற்கு மாவு வேண்டும். தினமும்.

மாலையில் பள்ளிவிட்டு வந்து, கிரைண்டரில் அரிசியைப் போட்டுவிட்டு, பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் எனக்கென்று ஒரு மணி நேரம் கிடைக்கும். நாள் முழுவதிலும் யாரும் என்னைக் கூப்பிடாத நேரம் அது ஒன்றுதான். 'அம்மா மாவு அரைக்கறாங்க' என்று வீட்டில் அத்தனை பேருக்கும் ஒரு மரியாதை! உண்மையில் அரைப்பது மோட்டார். நான் மடியில் அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருப்பேன். இதுவரை நீங்கள் இங்கே வாசித்ததெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் எழுதியதுதான்.

மோட்டார் போயிற்று. அதோடு என் ஒரு மணி நேரமும் போயிற்று.

"இன்னாத்துக்கு மூஞ்சிய தூக்கி வெச்சினு கீற?" என்றார் மாமியார். "ஆட்டுக்கல்லு எங்கியும் ஓடிப்போவல. பின்னாலதான் கீது."

ஓடிப்போகவில்லைதான். உட்கார்ந்து ஆட்டினேன். வீட்டிலிருந்தவர்கள், வந்தவர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து ஆட்டினேன். எழுந்தபோது பேனாவைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. தோள்பட்டையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். முதல் வாரம் பத்தி போகவில்லை. இரண்டாம் வாரமும் போகவில்லை. ஆசிரியர் மிகவும் தன்மையாக ஒரு கார்டு போட்டார்: 'உங்களுக்குச் சிரமமாக இருந்தால், அந்த இடத்தில் சமையல் குறிப்பு வெளியிடலாம் என்று ஒரு யோசனை.'

சமையல் குறிப்பு! படித்ததும் எனக்கு அழுகை வந்தது. அப்புறம் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் கொஞ்சம் சுறுசுறுப்பாகிவிடுவேன்.

புதுக் கிரைண்டர் வாங்கியே ஆக வேண்டும். ஆனால் எது?

எங்கள் ஊர் கரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலை ஏறி வருவதற்குள் அதற்கும் மூச்சு வாங்கும் போலிருக்கிறது. விளக்கு வைக்கும் நேரத்தில் பல்பைப் பார்த்தால் உள்ளே கம்பி மட்டும் சிவப்பாகத் தெரியும். அந்த நேரத்தில்தான் மாவு அரைத்தாக வேண்டும். இரவெல்லாம் புளித்தால்தானே காலையில் இட்லி? பழைய கிரைண்டர் அந்த வோல்டேஜில் முக்கி முக்கியே மோட்டார் காயில் கம்பி கருகிச் செத்தது. ஏற்கனவே இரண்டு முறை காயில் கட்டிப் பிழைக்க வைத்தது அது.

என் கணவர் கணக்கு வாத்தியார். அவரிடம் எல்லாவற்றுக்கும் விடை தயாராக இருக்கும்.

"கரண்டு வீக்கா இருந்தா மோட்டார் ஸ்ட்ராங்கா இருக்கணும். அவ்ளோதான். காண்ட்ராக்டர் வூட்ல வாங்கியிருக்காங்க பாரு, அந்த மாதிரி."

பக்கத்து வீட்டுக் காண்ட்ராக்டர் வாங்கியிருந்தது பெரிய சைஸ். ஒரு குதிர் போல ஹாலில் நிற்கும். வருகிறவர்கள் எல்லோருக்கும் சுவிட்சைத் தட்டிக் காட்டுவார்கள். மாவு அரைத்து நான் பார்த்ததில்லை.

"ஏங்க... கொண்டை ஊசி வளைவுல பஸ்ஸு ஏறாம நின்னா கண்டக்டர் இன்னா பண்றாரு? பெரிய இன்ஜின் வாங்கி மாட்டறாரா? எல்லாரையும் எறங்கச் சொல்றாரு. பஸ்ஸு ஏறிடுது. லோடு குறைச்சா போதுங்க. நமக்குச் சின்னக் கல்லு, சின்ன மோட்டார் போதும்."

"பஸ்ஸும் கிரைண்டரும் ஒண்ணா?"

"ரெண்டும் பாரம் தாங்காமதான நிக்குது?"

அவர் என்னை, பின்பெஞ்சு மாணவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "சரி, உன் இஷ்டம். ஆனா ஒண்ணு... இதுவும் எரிஞ்சுதுன்னா இன்னொரு கிரைண்டர் இந்த வூட்டு வாசப்படி ஏறாது. சொல்லிட்டேன்."

ஆக, ஒரே வாய்ப்பு. தப்பாகத் தேர்ந்தெடுத்தால் ஆயுசுக்கும் ஆட்டுக்கல், இந்த இடத்தில் சமையல் குறிப்பு.

சனிக்கிழமை மலை இறங்கினோம். கிளம்பும்போது என் கையில் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கு, ஒரு சின்னத் தூக்கு. பஸ்ஸில் உட்கார்ந்ததும் கணவர் கேட்டார்:

"சாப்பாடா?"

"ஆமா."

"எதுக்கு? திருப்பத்தூர்ல ஓட்டல் இல்லியா?"

"நமக்கு இல்லீங்க. கிரைண்டருக்கு."

அதன்பிறகு திருப்பத்தூர் வரை அவர் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார்.

கடைக்காரர் வாணியம்பாடி பாய். நல்ல மனிதர், நல்ல வியாபாரி. உட்கார வைத்து டீ வரவழைத்தார். வரிசையாகக் கிரைண்டர்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் 'மின்சாரச் சிக்கனம்' என்று ஒரு ஸ்டிக்கர். பெரியது, சின்னது, எல்லாவற்றுக்கும் அதே ஸ்டிக்கர்! எல்லாமே சிக்கனம் என்றால் எதுதான் செலவு?

பாய் பெரியதன் சுவிட்சைத் தட்டினார். கல் சர்ரென்று சுற்றியது. "பாருங்க வாத்தியாரே, சத்தம் வருதா? பத்து பேரு இருக்கற வூட்டுக்கு இதான் சரி."

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சொன்னேன் பார்த்தாயா என்கிற பார்வை.

"பாய், இதைக் கழுவ எத்தனை கொடம் தண்ணி ஆவும்?" என்றேன்.

"கொடமா?" அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை போலும்.

"நான் குழாயடியிலேர்ந்து கொடத்துல தூக்கினு வர்றேங்க. இந்தக் கல்லைச் சாய்க்கவும் முடியாது. உள்ள கையை விட்டு வழிச்சி, மொண்டு மொண்டு ஊத்திக் கழுவணும். அந்தச் சின்னதைச் சாய்க்கலாம் இல்ல?"

"சாய்க்கலாம்மா. ஆனா அது புதுசா கண்ணாலம் ஆனவங்க வாங்கறது. உங்க குடும்பத்துக்குப் பத்தாது."

"ரெண்டையும் அரைச்சுப் பாத்துட்டு வாங்கிக்கறேங்க." தூக்கின் மூடியைத் திறந்தேன். காலையில் ஊறப்போட்ட அரிசி, பஸ்ஸில் குலுங்கி வந்ததில் இன்னும் நன்றாக ஊறியிருந்தது. சின்னத் தூக்கில் உளுந்து.

பாய் தூக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இன்னாம்மா இது? கடையில போயி..."

"ரேடியோ வாங்க வர்றவங்க பாட்டு கேட்டுப் பாக்கறாங்க. ஃபேன் வாங்க வர்றவங்க காத்து வருதான்னு பாக்கறாங்க. நான் மாவு அரைச்சுப் பாக்கக் கூடாதா? வெறுங்கல்லு சுத்துது, சரி. வெறுங்கல்லைச் சுத்தவிட்டு நான் இன்னா சாப்பிடறது?"

என் கணவர் எழுந்து, எதிர்க் கடை போர்டை மிகுந்த ஆர்வத்துடன் படிக்கத் தொடங்கினார். இந்த அம்மாளை எனக்குத் தெரியாது என்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரிம்மா, போடுங்க!"

"இப்ப வேணாங்க. விளக்கு வெக்கற நேரத்துல."

கடைசி பஸ் போய்விடுமே என்று கணவர் பதறினார். ஆனால் பட்டப்பகலில் ஓடுகிற கிரைண்டர் எனக்கு எதற்கு? காத்திருந்தோம்.

பஜாரில் ஒவ்வொரு கடையாக விளக்கைப் போட்டார்கள். பாய் கடை ட்யூப் லைட் ஒருமுறை கண் சிமிட்டியது. இதுதான் நேரம். பெரியதில் அரிசியைப் போட்டு பாய் சுவிட்சைத் தட்டினார். கல் நாலு சுற்று சுற்றியது. வேகம் குறைந்தது... 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். பாயின் கை தன்னாலேயே கல்லைத் தள்ளிவிடப் போனது.

"கை குடுக்காதீங்க பாய்! தெனமும் என் வூட்டுக்கு வந்து நீங்க கை குடுக்கப் போறீங்களா?"

கையை எடுத்துக்கொண்டார். கல் நின்றுவிட்டது. முனகல் மட்டும் கேட்டது. லேசாக ஒரு கருகல் வாசனை வந்ததும் அவரே ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார்.

அரிசியை வழித்து, பாதியைச் சின்னதில் போட்டேன். இதுவும் நின்றுவிட்டால்? சுவிட்சைத் தட்டினேன். ஒரு நொடி யோசித்தது. பிறகு மெதுவாக ஒரு சுற்று, இன்னொரு சுற்று... ஓடியது! வேகமில்லை, ஆனால் நிற்கவில்லை. அதற்குள் ஜவுளிக்கடைக்காரர், டீ கொண்டு வந்தவர், வழியில் போனவர் எல்லாம் கடை வாசலில் கூடிவிட்டார்கள். நான் மாவை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். வெண்ணெய்! கைதட்டாத குறை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கல்லூரியில் பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இல்லை.

பாய் பெரியதன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னார்: "நாளையிலேர்ந்து நானும் அரிசி ஊறப்போட்டுட்றேம்மா."

மீதி அரிசியையும் உளுந்தையும் அதிலேயே அரைத்து எடுத்துக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக வந்து கடைசி பஸ்ஸைப் பிடித்தோம். கிரைண்டர் பஸ் கூரையில். மாவுத் தூக்கு என் மடியில். நல்ல கூட்டம். மலை ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில், ஒரு வளைவில் பஸ் திணறி நின்றது. கண்டக்டர் விசிலை ஊதினார்.

"எல்லாம் எறங்கு, எறங்கு! ஏம்மா, மேல இன்னாத்த ஏத்தினு வர்றீங்க... கல்லா?"

"ஆமாங்க. கல்லுதான்."

பஸ் முழுக்கச் சிரிப்பு. அத்தனை பேரும் இறங்கி நடந்தோம். பாரம் குறைந்த பஸ் எங்கள் கண்ணெதிரே உறுமிக்கொண்டு வளைவை ஏறிப் போய் மேலே நின்றது. கணவர் மாவுத் தூக்கை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் நடந்து வந்தார்.

"சரிதான்" என்றார்.

"இன்னா சரி?"

"நீ சொன்ன லோடு கணக்கு."

கணக்கு வாத்தியார் வாயிலிருந்து இது வருவதென்றால், நூற்றுக்கு நூறு என்று அர்த்தம்.

மறுநாள் காலை, திருப்பத்தூரில் அரைத்து மலையில் புளித்த மாவில் இட்லி. மாமியார் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "ஆட்டுக்கல்லு மாவு மாதிரி வராது" என்று சொல்லிவிட்டு மூன்றாவது தடவையும் கேட்டார். அதைவிட வேறு சர்டிபிகேட் எனக்கு வேண்டாம்.

முந்தாநாள் பக்கத்து வீட்டுக்கு விருந்தாளிகள். விளக்கு வைத்த நேரத்தில் காண்ட்ராக்டரின் மனைவி ஒரு குண்டானில் ஊறிய அரிசியோடு வாசலில் நின்றார். "டீச்சர்... எங்களுது கை குடுத்தாதான் சுத்துது. கொஞ்சம் அரைச்சுக் குடுக்கறீங்களா?" நான் குண்டானை வாங்கிக்கொண்டதோடு சரி. ஆனால் என் கணவர் சும்மா இருப்பாரா? பஸ் உதாரணத்தோடு அந்த அம்மாளுக்கு ஒரு முழுப் பாடமே நடத்திவிட்டார், ஏதோ தானே கண்டுபிடித்தது மாதிரி!

கிரைண்டரிலும் ஒரு குறை உண்டு, மறைக்கக் கூடாது. சின்னக் கல் என்பதால் எங்கள் வீட்டுக்கு இரண்டு முறை அரைக்க வேண்டியிருக்கிறது. நேரம் அதிகமாகிறதே என்று பார்க்கிறவர்கள் பரிதாபப்படுகிறார்கள். ஐயோ, பரிதாபப்படாதீர்கள்! முன்பு கிடைத்தது ஒரு மணி நேரம். இப்போது ஒன்றரை. மின்சாரம் மிச்சம், தண்ணீர் மிச்சம், என் தோள்பட்டை மிச்சம். எழுத நேரமும் மிச்சம். சிக்கனம் என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்கள், யாருக்குச் சிக்கனம் என்றும் ஒரு வரி எழுதினால் நன்றாக இருக்கும்.

ஆசிரியர் அவர்களுக்கு: சமையல் குறிப்பு தேவைப்படாது.

இதோ, முக்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு இந்த வரியை எழுதும்போது சமையலறையில் சத்தம் நின்றுவிட்டது. மாவு பதமாகி யாராவது அணைத்தார்களா, கரண்ட் போய்விட்டதா? தெரியவில்லை. என் கணவர் வீட்டில்தான் இருக்கிறார், போய்ப் பார்க்கட்டும்... யார் கேட்டாலும் சொல்லட்டும், 'அம்மா எழுதறாங்க!'